ரோட்டின் சொரசொரப்பையும் அளந்து பாருங்கள்: சாலைப் பொறியாளர்களுக்கு ஒரு டயர்க்கடைக்காரரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய சாலைப் பொறியாளர்களுக்கு,

வணக்கம். நாமக்கல் பக்கம் 26 வருடமாக டயர்க்கடை வைத்திருக்கிறேன். லாரி டயருக்கு ரீட்ரேடிங், பைக்குக்கும் காருக்கும் புது டயர், பஞ்சர் எல்லாம் உண்டு. ஐப்பசி பிறந்துவிட்டால் கடையில் ஒரே பேச்சுதான்: "அண்ணா, டயர் வழுக்குது." மொட்டை டயரோடு வந்து இதைச் சொல்கிறவர்களை நான் திட்டி அனுப்புவேன். இந்த மடல் அவர்களைப் பற்றியது இல்லை.

போன மழைக்கு ஒரு கல்லூரிப் பையன் வந்தான். முழங்காலில் கட்டு, கைப்பிடி ஒரு பக்கம் கோணல். பின் டயரைக் காட்டி, "ஏனுங்கண்ணா, மாட்டி நாலு மாசம்தான் ஆச்சு, இதுக்கே இப்படிங்களா?" என்றான். குனிந்து பார்த்தேன். பட்டன் (டயர் மேலே இருக்கும் வரிக்கட்டைகள்) தேயாமல் அப்படியே இருந்தது. காற்றும் சரி. எங்கே விழுந்தாய் என்று கேட்டேன். ஒரு மேம்பாலத்தை விட்டு இறங்கும் வளைவைச் சொன்னான். அதே வாரத்தில் அதே வளைவில் விழுந்து என்னிடம் வந்தவர்களில் அவன் மூன்றாவது ஆள். அடுத்த மாதம் நானே அங்கே விழுந்தேன். பெரிய மழைகூட இல்லை, தூறல். வேகம் 35-க்கு மேல் இருக்காது. முன் பிரேக்கை லேசாகத் தொட்டதுதான் தெரியும், வண்டி எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

அது எந்தப் பாலம், யார் போட்டது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அப்படி ஒரு வளைவு எல்லா ஊரிலும் இருக்கிறது. நான் கேட்க வந்தது வேறு.

ஒரு ரோட்டைக் கரடுமுரடு என்று சொன்னால் அதற்குள் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. ஒன்று மேடுபள்ளம். வண்டி குலுங்கும், முதுகு வலிக்கும், சரக்கு சேதமாகும். மற்றது சொரசொரப்பு. அது கண்ணுக்குப் படாது, உள்ளங்கையை வைத்துத் தடவினால்தான் தெரியும். முதலாவது இருக்கவே கூடாது. இரண்டாவது இருந்தே ஆக வேண்டும். நீங்கள் அளப்பது முதலாவதை. பம்ப் இன்டக்ரேட்டரை இழுத்துப் போய், ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை மில்லிமீட்டர் குலுக்கல் என்று கணக்கெடுக்கிறீர்கள். 2000-க்குள் இருந்தால் நல்ல ரோடு. மூன்று மீட்டர் நேர்கோலை வைத்துத் தளம் சமமா என்று பார்க்கிறீர்கள். ரிப்பனும் வெட்டுகிறார்கள். ரோடு வெண்ணெய் மாதிரி இருக்கிறது என்று மக்களும் கைதட்டுகிறோம். வெண்ணெயில் தண்ணீர் விட்டால் என்ன ஆகும் என்று நாங்களும் யோசிப்பதில்லை.

கீழே விழுந்தபின் எனக்குத் தூக்கம் வரவில்லை. (தோள்பட்டை வலி ஒரு காரணம்.) உங்கள் துறையில் பல வருடமாக இருக்கும் மணல் சோதனையை நானே செய்து பார்க்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மகளைக் கூட்டிக்கொண்டு அந்த வளைவுக்குப் போனேன். அவள் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டாள். சோதனை ரொம்ப எளிது. காய்ந்த ரோட்டைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, 25 மில்லி நைஸ் மணலைக் கொட்டி, தட்டையான வட்டக் கட்டையால் சுற்றிச் சுற்றிப் பரப்ப வேண்டும். ஜல்லிகளுக்கு நடுவே உள்ள பள்ளங்களை மணல் நிரப்பி, கல்லின் உச்சிக்குச் சமமாக வந்ததும் நிறுத்திவிட்டு, வட்டத்தின் குறுக்களவை நாலு இடத்தில் அளக்க வேண்டும். தோசை ஊற்றுவது மாதிரிதான். மாவு ஒரே அளவு; தோசை எவ்வளவு பெரிதாக விரிகிறதோ, கல் அவ்வளவு வழவழப்பு.

பாலத்துக்கு முன்னால் உள்ள பழைய ரோட்டில் வட்டம் 20 செ.மீ. வந்தது. மணலின் கன அளவை வட்டத்தின் பரப்பால் வகுத்தால் சராசரி ஆழம் கிடைக்கும்: 0.8 மி.மீ. வளைவில் வட்டம் 35 செ.மீ. விரிந்தது. அதாவது 0.26 மி.மீ. ஆய்வகத்தில் மணலுக்குப் பதிலாக நுண்ணிய கண்ணாடி மணிகளைப் பயன்படுத்துகிறார்கள், நான் சலித்த ஆற்று மணலைக் கொண்டு போனேன். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் மூன்று மடங்கு வித்தியாசத்தை என் மணல்மேல் போட்டுவிட முடியாது.

இந்த அரை மில்லிமீட்டருக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்பவர்களுக்காக, உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் எழுதுகிறேன். இந்த மடலை மற்றவர்களும் படிப்பார்கள் இல்லையா?

ஒரு கார் டயர் தரையைத் தொடும் பகுதி ஏறக்குறைய உள்ளங்கை அகலமும் 15 செ.மீ. நீளமும் இருக்கும். 80 கி.மீ. வேகத்தில் அந்த 15 செ.மீ. ஒரு நொடியில் 150-இல் ஒரு பங்கு நேரத்தில் கடந்துபோகிறது. அந்த நேரத்துக்குள் அடியில் இருக்கும் தண்ணீர் வெளியே போயாக வேண்டும். டயரின் முன்பகுதி முதலில் மொத்தத் தண்ணீரைப் பிதுக்கித் தள்ளும். நடுப்பகுதியில் மெல்லிய நீர்ப்படலம் மட்டும் மிச்சம் இருக்கும்; கல்லின் உச்சிகள் அதைக் குத்திக் கிழிக்கும். கடைசியில்தான் ரப்பரும் கல்லும் நிஜமாகவே தொட்டுக்கொள்ளும். பிரேக் பிடிப்பதும் வளைவில் திரும்புவதும் இந்தக் கடைசிப் பகுதியின் தயவில். வேகம் கூடக் கூட அது சுருங்கிக்கொண்டே போகும்.

தண்ணீர் போக வழி இரண்டு. ஒன்று டயரின் பட்டன் இடுக்கு, அது என் பொறுப்பு. மற்றது ஜல்லிகளுக்கு நடுவே உள்ள பள்ளம், அது உங்கள் பொறுப்பு. நான் மணலால் அளந்தது இந்தப் பள்ளத்தைத்தான். இந்தச் சொரசொரப்பு வேகமாகப் போகும்போது காப்பாற்றும். அதற்கும் கீழே, கல்லின் முகத்திலேயே உப்புத்தாள் மாதிரி ஒரு நறநறப்பு இருக்கிறது. அது கண்ணுக்கே தெரியாது. மிச்சமிருக்கும் படலத்தைக் கிழிப்பது அதன் வேலை, மெதுவாகப் போகும்போதும் அது வேண்டும். நான் விழுந்தது 35-இல். அப்படியென்றால் அங்கே பள்ளம் மட்டும் இல்லை, கல்லின் முகமும் போய்விட்டது. காரணத்தை விரலால் தடவியே கண்டுபிடித்தேன். சித்திரை வெயிலில் தார் பொங்கி மேலே வந்து ஜல்லியை மூடியிருக்கிறது. இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பிடித்து இறங்கும் லாரிகள் அதை இன்னும் அழுத்தித் தேய்த்திருக்கின்றன. கறுப்பாகப் பளபளவென்று, புது ரோடு மாதிரி பார்க்க லட்சணமாக இருந்தது.

இதில் ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். மழையில் வண்டி வழுக்கினாலே எல்லோரும் தண்ணீரில் மிதந்துவிட்டது என்கிறார்கள். அது வேறு. 1963-இல் நாசாவின் வால்டர் ஹார்ன் விமானச் சக்கரங்களை வைத்துச் சொன்ன கணக்குப்படி, அது டயரின் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. 30 பி.எஸ்.ஐ. காற்றுள்ள கார் டயர் தேங்கிய நீரில் முழுதாக மிதக்க 90 கி.மீ. அளவுக்கு வேகம் வேண்டும். காற்று குறைந்தால் அதற்கும் முன்பே மிதக்கும். (மழைக்குக் காற்றைக் குறைத்துவிடுங்கண்ணா, க்ரிப் கிடைக்கும் என்று கேட்டு வருகிற கார்க்காரர்கள் இதைக் கவனிக்கவும்.) பைக் டயர் உருண்டையானது, தண்ணீரை வெட்டிக்கொண்டு போகும், ஊருக்குள் போகும் வேகத்தில் மிதக்காது. அது வழுக்குவது மெல்லிய படலத்தில். ரோடு வழவழப்பாக இருந்தால் படலத்துக்குத் தூறலே போதும். பல நாள் வெயிலுக்குப் பின் வரும் முதல் தூறல் எல்லாவற்றையும்விட மோசம். ரோட்டில் படிந்த புழுதி, எண்ணெய், டயர்ப் பொடி எல்லாம் கொஞ்சம் நீரோடு குழைந்து களிம்பாகிவிடும். பெருமழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். தூறல் கழுவாது, குழைக்க மட்டும் செய்யும்.

இனி என் உண்மையான கோபத்துக்கு வருகிறேன்.

2022-இல் மத்திய அரசு டயர்களுக்கு ஒரு விதி கொண்டுவந்தது. கார், பஸ், லாரி டயர்கள் ஈரத்தில் எவ்வளவு பிடிக்கும் என்று சோதித்துத் தேற வேண்டும். நல்ல விதி. பைக் டயர் அதில் சேரவில்லை, அதையும் சேர்க்கட்டும். அந்த ஈரச்சோதனைக்கு அடிப்படையான சர்வதேச விதியில் சோதனைத் தளம் எப்படி இருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. மூன்று மீட்டர் நேர்கோலுக்குக் கீழே 6 மி.மீ.க்கு மேல் ஏற்றத்தாழ்வு கூடாது. மணல் சோதனையில் ஆழம் 0.7 மி.மீ., அதிலிருந்து 0.3 கூடலாம், குறையலாம். தளத்தின்மேல் தண்ணீர் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் வரை. அதாவது, சமமும் வேண்டும், சொரசொரப்பும் வேண்டும், இரண்டையும் அளந்த பிறகே டயரைத் தொட வேண்டும். கவனித்தீர்களா? 0.4-க்குக் கீழே உள்ள தளத்தில் வைத்து டயரைச் சோதிப்பதே செல்லாது. என் வளைவு 0.26. சோதனைக்கே லாயக்கில்லாத தளத்தில் அந்தப் பையன் தினமும் காலேஜ் போய் வருகிறான்.

டயருக்கு விதி, டயர் தேய்மானத்துக்கு விதி. காருக்கும் லாரிக்கும் பட்டன் ஆழம் 1.6 மி.மீ., பைக்குக்கு 0.8 மி.மீ. அதற்குக் கீழே போனால் அபராதம். ரோடு தேய்ந்தால்?

உங்கள் வடிவமைப்புக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். சாலை நெறிமுறைகளை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் அமைப்பின் கணக்குப்படி 60 கி.மீ. வேகத்துக்கு நிறுத்தத் தூரம் 80 மீட்டர். ஓட்டுபவர் சுதாரிக்க இரண்டரை நொடி, அப்புறம் உராய்வு, அதாவது டயரை ரோடு பிடிக்கும் அளவு, 0.36 என்று வைத்துப் போட்ட கணக்கு. வளைவில் எவ்வளவு தூரம் பார்வை தெரிய வேண்டும், எங்கே பலகை வைக்க வேண்டும் என்பதெல்லாம் இதைத் தொட்டே வருகிறது. அந்த 0.36 ரோட்டில் இருக்கிறதா என்று ரோடு போட்ட மூன்று வருடம் கழித்து யாராவது போய்ப் பார்க்கிறீர்களா? அது 0.25-க்கு இறங்கிவிட்டால் அதே வண்டி நிற்க இன்னும் 17, 18 மீட்டர் வேண்டும். இரண்டு லாரி நீளம். பார்வைத் தூரம் மட்டும் அதே 80-தான்.

கல்லைப் பற்றியும் பேச வேண்டும். நம் ஜல்லி கெட்டியான கல் என்று நமக்குப் பெருமை. நியாயம்தான். பல்லாவரம் பக்கத்துச் சார்னோகைட் என்ற கல் கொல்கத்தா வரை போய், கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கல்லுக்குப் பேர் வந்ததே அதனால்தான். ஆனால் நசுங்காத கல் எல்லாம் வழுக்காத கல் ஆகிவிடாது. லட்சக்கணக்கான டயர்கள் புழுதியோடு சேர்த்துத் தேய்க்கும்போது எந்தக் கல் நறநறப்பை இழக்காமல் இருக்கும் என்பது தனிக் கேள்வி. சுண்ணாம்புக்கல் சீக்கிரம் பளபளத்துவிடும். அதற்கென்றே ஒரு சோதனை இருக்கிறது: மாதிரிக் கற்களைச் சக்கரத்தின்மேல் பதித்து, ரப்பர் டயரை அழுத்தி ஓடவிட்டு, மூன்று மணி நேரம் கரகரப்பான எமரி (தேய்க்க உதவும் கல்பொடி), அடுத்த மூன்று மணி நேரம் மாவு எமரி போட்டுத் தேய்த்த பின், எவ்வளவு பிடிப்பு மிச்சம் என்று பார்ப்பார்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பில் பிட்டுமினஸ் கான்கிரீட் (ரோட்டின் மேல்தளத்துக்குப் போடும் தார்க்கலவை) ஜல்லிக்கு இந்த மதிப்பு 55-க்குக் குறையக் கூடாது என்றே இருக்கிறது. காகிதத்தில் இருக்கும் அந்த எண் குவாரி வரை போகிறதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் அம்மா இதைப் படிப்பில்லாமலே சொல்வார். மிளகாய் அரைபடாமல் அம்மியில் வழுக்க ஆரம்பித்தால், "கல்லு மழுங்கிப் போச்சு, கொத்தணும்" என்பார். "அம்மி கொத்தறது, ஆட்டுக்கல் கொத்தறது" என்று தெருவில் குரல் வந்ததும் ஓடிப்போய்க் கூப்பிடுவோம். உளியால் பொட்டுப்பொட்டாகக் கொத்திவிட்டுப் போவார், கல் மறுபடி பிடிக்கும். அம்மி தேய்ந்ததற்கு மிளகாயைக் குறை சொன்ன வீடு எதுவும் இல்லை.

ரோட்டுக்கும் கொத்து உண்டு. எஃகுக் குண்டுகளை வேகமாக வீசிக் கல்லின் முகத்தைத் திறக்கும் இயந்திரம் இருக்கிறது. கான்கிரீட் ரோடானால் வைர விளிம்புச் சக்கரத்தால் கோடு போடலாம். விமான ஓடுதளங்களில் குறுக்கே ஆறு மி.மீ. அகல, ஆறு மி.மீ. ஆழக் கோடுகளைப் போட்டிருப்பது இதற்காகவே. ஓடுதளத்தில் படிகிற டயர் ரப்பரைக்கூட அவ்வப்போது உரித்தெடுக்கிறார்கள். தார் பொங்கிய இடத்தில் சுரண்டிவிட்டுப் பொடி ஜல்லி தூவிய மெல்லிய தளம் போடலாம். மேம்பாலங்களில் போடும் மாஸ்டிக் அஸ்பால்ட் என்ற கெட்டித் தார்க்கலவைக்கு உங்கள் நெறிமுறையே வழி சொல்லியிருக்கிறது: சூடாக இருக்கும்போதே தார் பூசிய கற்களை மேலே பதித்து அழுத்த வேண்டும், அவை 3, 4 மி.மீ. துருத்திக்கொண்டு நிற்க வேண்டும். ஆறிப்போன பிறகு பேருக்குத் தூவினால் ஒரே மழையில் ஓரத்துக்கு வந்து குவிந்துவிடும். அப்படிக் குவிந்த கல்லை நான் பார்த்திருக்கிறேன், அதில் வழுக்கியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

வளைவுக்கு முன்னால் வரிசையாகப் பட்டைப் பட்டையாக வெள்ளைப் பெயின்ட் அடிக்கிறீர்களே, அதையும் கொஞ்சம் பாருங்கள். லாரிக்காரனை எச்சரிக்க அது நல்லது. பைக்காரனுக்கு, நனைந்த பிறகு, சரியாகப் பிரேக் பிடிக்கும் இடத்தில் சோப்புக் கட்டியை வரிசையாக அடுக்கிய மாதிரி. பட்டைக்கு நடுவே ஒரு பைக் போகிற அளவு இடைவெளி விட்டாலே போதும்.

பணம் எங்கே என்பீர்கள். நான் ரோடு முழுக்கக் கேட்கவில்லை. பிரிட்டனில் 1988-லிருந்து முக்கிய நெடுஞ்சாலைகளின் வழுக்கலை ஒரு கொள்கையாகவே அளந்து வருகிறார்கள். தண்ணீர் தெளித்துக்கொண்டே, 20 டிகிரி சாய்த்து வைத்த ஒரு சக்கரத்தைச் சாதாரண வேகத்தில் ஓட்டிப் போகும் ஒரு லாரிதான் அளக்கும். நேரான ரோட்டுக்கு ஒரு வரம்பு, கூர்மையான வளைவுக்கும் பாதசாரிகள் கடக்கும் இடத்துக்கும் அதைவிடக் கடுமையான வரம்பு. வரம்புக்குக் கீழே போனால் உடனே தோண்டிப் போட வேண்டும் என்றில்லை, போய்ப் பார்த்து ஏன் என்று எழுத வேண்டும். கடக்கும் இடத்துக்கு முன்னால் மட்டும் சுட்ட பாக்சைட் (அலுமினியத் தாதுக் கல்) துகளைப் பிசினில் ஒட்டி மஞ்சள் பழுப்பாக ஒரு தளம் போட்டிருப்பார்கள். பிரேக் பிடிக்கிற அந்த ஐம்பது மீட்டருக்கு மட்டும்தான் விலையுயர்ந்த கல். அந்த லாரியையும் நான் கேட்கவில்லை. கையால் தூக்கிப் போகிற பெண்டுலம் கருவி ஒன்று போதும், சாலைப் பொறியியல் ஆய்வகங்களில் வைத்திருக்கிறார்கள். ரப்பர்த் துண்டு மாட்டிய ஊசல் நனைந்த ரோட்டில் உரசிக்கொண்டு ஆடும், எவ்வளவு மேலே ஏறுகிறது என்று பார்த்தால் எண் கிடைத்துவிடும். மாவட்டத்தில் அடிக்கடி வண்டி விழுகிற வளைவுகள் எவை என்று பக்கத்து டீக்கடைக்காரருக்கே தெரியும். அந்தப் பட்டியலில் தொடங்குங்கள். மழைக்கு முன், புரட்டாசியில் ஒரு தடவை. ரோடு போட்டதும் ஒரு தடவை, அப்புறம் வருடத்துக்கு ஒன்று. புது ரோட்டில் கல்லின்மேல் தார்ப் படலம் இருக்கும், அது தேயும்வரை அதுவும் வழுக்கும் என்பதால் திறப்பு விழா அன்று எடுத்த எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள்.

2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். அதே கணக்கில் பத்துக்கு ஏழு சாவுக்குக் காரணம் என்ற இடத்தில் அதிவேகம் என்றிருக்கிறது. இருக்கலாம், நம்மாட்கள் மெதுவாகப் போகிறவர்கள் இல்லை. ஆனால் வேகம் அதிகமா என்பது ரோடு எவ்வளவு பிடிக்கும் என்பதைப் பொறுத்தது. ஐம்பது மீட்டர் ஆரமுள்ள சமதள வளைவில் பிடிப்பு 0.5 இருந்தால் 55 வரை தாங்கும், 0.3 ஆனால் 43-இலேயே கைவிட்டுவிடும். ஐம்பதில் வந்தவன் அதிவேகமா இல்லையா என்பதை அந்த இடத்தின் எண் தெரியாமல் எப்படி எழுதுகிறார்கள்? 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் தரம் தவறினால் பொறுப்பான அலுவலருக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. உங்களை மிரட்டுவதற்காக இதை எழுதவில்லை. அளந்து ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பது உங்களுக்கும் பாதுகாப்பு என்பதால் எழுதுகிறேன்.

அந்தப் பையனுக்கு டயரை மாற்றிக் கொடுக்கவில்லை. கைப்பிடியை நேராக்கிக் கொடுத்து, அந்த வளைவில் இருபதில் போ சாமி என்று சொல்லி அனுப்பினேன். காசு வாங்கவில்லை. டயரில் குறை இல்லை என்று அவனை நம்பவைக்கத்தான் முடியவில்லை.

உங்களில் யாராவது பெண்டுலத்தோடு வருவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வாருங்கள், ஏழரைக்கு மேல் வண்டி அதிகம். சலித்த மணலும் 25 மில்லிக் கப்பும் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். பிரஷ் மட்டும் ஒன்று கொண்டுவாருங்கள். என்னுடையது போன தடவையே முடி கொட்டிவிட்டது.

இப்படிக்கு,
ஒரு டயர்க்கடைக்காரர்